இடது பின் சக்கரம்

என் பேட்டரிக் கடைக்கு நேர் எதிரே சக்கரக் கடை வைத்திருப்பவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. கரண்ட் பில்லில் மட்டும் அதைப் பார்க்கலாம். தெருவில் அவர் பெயர் மில்லிமீட்டர். அவசரத்துக்கு மில்லி. வெளியூர்க்காரர்கள் "மில்லி எங்கே கிடைப்பார்?" என்று கேட்கும்போது நான் நக்கலாக மதுக்கடைப் பக்கம் கை காட்டியதுண்டு. ஒரு சொட்டு தொடாத மனிதருக்குப் போயும் போயும் இப்படி ஒரு பெயர் வாய்த்ததே என்று அவர் மனைவி தலையில் அடித்துக்கொள்வார்.

பெயர் சும்மா வரவில்லை. தெருவில் போகிற காரை நின்ற இடத்திலிருந்தே பார்த்துவிட்டு, "பின்னால வலது டயர் மட்கார்டுல இடிக்கும். இன்னும் மூணு மில்லி இடம் வேணும்" என்பார். நாலு நாளில் அந்தக் கார்க்காரரே டயரில் கத்தியால் கீறியது போன்ற கோட்டோடு வந்து நிற்பார்.

அவருடைய பிழைப்பே இந்த இடைவெளியில்தான். கம்பெனி போட்டு அனுப்பிய சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு அகலமான அலாய் சக்கரம் மாட்ட ஆசைப்படுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. அந்த அகலச் சக்கரம் சில வண்டிகளில் உள்பக்கமாகப் போய் ஷாக் அப்சார்பரில் உரசும். உரசாமலிருக்க, சக்கரத்தைத் தாங்குகிற ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வட்டமான அலுமினியத் தட்டு ஒன்றை வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ள வேண்டும். அதுதான் ஸ்பேசர். அதிகமாகத் தள்ளிவிட்டால் வெளியே மட்கார்டின் விளிம்பு டயரை அறுக்கும். உள்ளே போனாலும் சண்டை, வெளியே வந்தாலும் சண்டை. "ரெண்டு பொண்டாட்டிக்காரன் பாடுதான்" என்பார் மில்லி.

மட்கார்டின் உள்விளிம்பில் சின்னச் சின்னக் களிமண் உருண்டைகளை ஒட்டிவிட்டு, பின் சீட்டில் மணல் மூட்டைகளை அடுக்கி, வேகத்தடை மேல் ஓட்டிப் பார்ப்பார். உருண்டை எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று அளந்த பிறகுதான் அடுத்த வேலை. அதைவிட முக்கியம் போல்ட். தட்டு பத்து மில்லி தடிமன் என்றால் சக்கரத்தைப் பிடிக்கிற போல்ட்டும் பத்து மில்லி கூடுதல் நீளம் வேண்டும். பழைய போல்ட்டையே போட்டால் நுனி மட்டும்தான் ஹப்பின் மரையில் கடிக்கும். அதனால் ஒவ்வொரு போல்ட்டையும் வெறும் விரலால் சுற்றி உள்ளே அனுப்புவார். உதடு அசையும். பத்துச் சுற்று போனால் சரி. அப்புறம்தான் காற்றழுத்தத்தில் போல்ட்டை முடுக்குகிற ஏர் கன்னைத் தொடுவார். "கண்ணு ஏமாத்தும், விரல் ஏமாத்தாது" என்று என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.

அந்த விரல்தான் ஏமாற்றத் தொடங்கியிருந்தது. முப்பது வருஷம் ஏர் கன்னின் அதிர்வை வாங்கிய கை. முதலில் குளிர் நாட்களில் விரல் நுனிகள் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்தன. பிறகு வெயில் நாளிலும் மரத்துப்போயின. சூடும் தெரியவில்லை, கூர்மையும் தெரியவில்லை. கடையின் பின்பாதியில் கார் சீட்டுக்கு உறை தைக்கிற அவர் மனைவிக்கு மட்டும் விஷயம் தெரியும். காலையில் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிறவரே அவர்தானே. என் கடையில் ஒருநாள் டீ கிளாஸ் மில்லியின் கையிலிருந்து நழுவி உடைந்தது. "வழுக்கிருச்சு" என்றார். நானும் வழுக்கிவிட்டது என்றே நம்பினேன்.

விரலால் சுற்றுவதை அவர் விட்டுவிட்டார். மரையில் போல்ட் சரியாக உட்கார்ந்ததா, கோணலாக ஏறியதா என்று விரல் சொல்லாதபோது எதை எண்ணுவது? நேராக கன்னை வைத்தே ஏற்றினார். கடைசியில், இறுக்கத்தை மட்டும் அளக்கிற டார்க் ஸ்பேனரை வைத்து அது 'டக்' என்று சொல்லும்வரை இறுக்கினார். அந்த 'டக்' சத்தத்தை நம்பி எட்டு மாதம் ஓட்டினார். யாருக்கும் தெரியவில்லை.

அன்று காலை ஏழு மணிக்கு அவருடைய தங்கையும் தங்கை வீட்டுக்காரரும், மகளையும் வீட்டுப் பெரியவரையும் கூட்டிக்கொண்டு, வண்டியோடு வந்து நின்றார்கள். மாப்பிள்ளை வாடகைக் கார் ஓட்டுகிறவர். முதல் நாள்தான் ஒரு சிநேகிதரிடம் தன் பழைய சக்கரங்களைக் கொடுத்துவிட்டு அலாய் சக்கரம் நாலு மாற்றி வாங்கியிருந்தார். மகளை அன்று மலைமேல் இருக்கிற கல்லூரி ஹாஸ்டலில் சேர்க்க வேண்டும். பின்னால் இரண்டு பக்கமும் கரகரவென்று உரசல்.

"மாப்பிள்ளை, இன்னிக்கு வேணாம். பழைய சக்கரத்தையே மாட்டிக்கிட்டுப் போங்க."

"அதை அவன் மாட்டிக்கிட்டு நேத்தே ஊருக்குப் போயிட்டான் மச்சான்."

"பத்து மில்லி ஸ்பேசர் போட்டா உள்ள உரசாது. ஆனா வெளிய மட்கார்டு மடிப்பைச் சூடு காட்டி உருட்டிவிடணும். ஆள் ஏத்திப் பாக்கணும். அரை நாள் வேலை இது."

"உருட்டுறேன்னு பெயிண்ட் வெடிச்சுதுன்னா? ரெண்டு மணிக்குள்ள புள்ளையைச் சேக்கணும் மச்சான். தட்டை மட்டும் போட்டு விடுங்க. உங்க கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா?"

தங்கையும் சேர்ந்துகொண்டார். "அண்ணே, நீ டேப்பைக் கையில எடுத்தா இன்னிக்குப் பொழுது போயிரும். இவ படிப்பை முடிச்சிட்டே வந்துருவா." எல்லோரும் சிரித்தார்கள். மில்லியும் சிரித்தார். சாமானை இறக்கி வைத்திருந்த காலி வண்டியில் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு விரல் இடம் இருந்தது. பார்த்தார். போதும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

வலது பக்கத்தை முடித்தார். இடது பக்கம் பழைய போல்ட்டுகளைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் போட்டார். பக்கத்துக் கிண்ணத்தில் புதிய நீளப் போல்ட்டுகள். இரண்டும் கறுப்பு, இரண்டிலும் ஒரே தலை. மாப்பிள்ளை ஹாரன் அடித்துக் காட்டி மகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மில்லி ஒரு கிண்ணத்தை இழுத்து, கன்னை வைத்து அஞ்சையும் ஏற்றினார். ஸ்பேனர் அஞ்சு தடவையும் 'டக்' என்றது. ஒன்பது மணிக்கு வண்டி கிளம்பிப் போனது. மாப்பிள்ளையின் அப்பா முன் சீட்டில், தங்கையும் மகளும் பின்னால், டிக்கியில் தகரப் பெட்டி, மெத்தை, புத்தகம், வாளி வரைக்கும். கிளம்பும்போது பின்பக்கம் நன்றாகத் தணிந்திருந்தது. என் கடையிலிருந்தே தெரிந்தது.

ஒன்பதே முக்காலுக்கு மில்லி ஒரு கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தெருவைத் தாண்டி என்னிடம் வந்தார். ஒரு லாரி அவருக்காக பிரேக் போட்டு வசவு வைத்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"இதுல எத்தனை இருக்கு, எண்ணு."

"அஞ்சு."

"நீளம் பாரு."

"புதுசு மாதிரி இருக்கு. இருக்கட்டுமே, அடுத்த வண்டிக்கு ஆகும்."

"பத்து வாங்கினேன். பத்தும் போட்டிருக்கணும்." அவர் முகம் பேயறைந்தது போல இருந்தது. "இடது பின் சக்கரத்துல பழசைப் போட்டு அனுப்பிட்டேன். மூணு சுத்துலதான் நிக்குது. மலை ஏறப் போறாங்க."

எனக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. அதற்குள் மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். மாப்பிள்ளைக்கு ஒரு கொள்கை உண்டு: ஸ்டியரிங்கில் கை வைத்தால் போனை அணைத்துவிடுவார். ஊரே பாராட்டிய கொள்கை. தங்கையின் போன் அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். போன் பொத்தானும் அவர் விரலுக்கு அகப்படவில்லை. மனைவி பின்னாலிருந்து ஓடி வந்து போனைப் பிடுங்கி, "நீங்க வண்டியை எடுங்க. நான் அடிக்கிறேன்" என்றார்.

"நான் ஓட்டுறேன் மில்லி, கொஞ்சம் இரு" என்று நான் ஷட்டரை இழுப்பதற்குள் அவரும் மனைவியும் ஏறிய சின்ன வேன் தெருமுனையில் திரும்பிவிட்டது. ஜாக்கி, ஸ்பேனர், அந்த அஞ்சு போல்ட் எல்லாம் வேனில். நான் மலையடிவாரச் சோதனைச் சாவடியின் நம்பரைத் தேடிப் பிடித்து அடித்தேன். யாரும் எடுக்கவில்லை. பன்னிரண்டு முறை அடித்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவர் மனைவி சொல்லக் கேட்டது.

அடிவாரம் எழுபது கிலோமீட்டர். வழியில் ரயில் கேட் மூடியிருந்தது. முன்னால் ஏழெட்டு வண்டி. வேனை நிறுத்திவிட்டு இறங்கி, கேட்காரரிடம் கையெடுத்துக் கும்பிட்டாராம். "சிக்னல் விழுந்தாச்சு, நான் என்னய்யா பண்றது?" என்றார் அவர். திரும்பி வந்து சீட்டில் உட்கார்ந்தார். பதினோரு நிமிஷம். அந்தப் பதினோரு நிமிஷத்தில்தான் மனைவி கேட்டார்.

"கழண்டா என்னங்க ஆகும்?"

"முதல்ல ஒண்ணு தளரும். ஒண்ணு தளர்ந்தா மத்த நாலு மேல பாரம் விழும். நேர் ரோட்டுல தெரியாது. வளைவுல திரும்புறப்ப, இல்ல பிரேக் அடிக்கிறப்ப..." அவர் நிறுத்திக்கொண்டார்.

"சொல்லுங்க."

"மலை ரோட்டுல இடது பக்கம் பள்ளம்."

மனைவி போனில் மறுபடி தங்கையின் நம்பரை அழுத்தினார். இந்த முறை தங்கை எடுத்துவிட்டார். "அண்ணியா? சொல்லுங்க அண்ணி, ஒண்ணும் கேக்கல... மலை ஏறிட்டு இருக்கோம்... அண்ணி?" மில்லி போனைப் பார்த்து, "நிறுத்தச் சொல்லு! வண்டியை நிறுத்தச் சொல்லு!" என்று கத்தினார். கத்தி முடிக்கும்போது லைன் செத்திருந்தது, மறுபடி கிடைக்கவில்லை. ரயில் அப்போதுதான் வந்தது. பெட்டி பெட்டியாக, அவசரமே இல்லாமல் போனது.

மலையடிவாரம் தாண்டி மூன்றாவது வளைவில் வண்டிகள் வரிசையாக நின்றன. மேலே ஏதோ அடைப்பு. எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு வண்டிகூட இறங்கி வரவில்லை. மில்லி வேனை ஓரம் கட்டினார். சாவியை எடுக்கவில்லை, கதவைச் சாத்தவில்லை. ஓடினார். ஐம்பத்திரண்டு வயது, மூட்டுவலிக்காரர், வண்டிகளுக்கும் பாறைக்கும் நடுவில் ஏற்றத்தில் ஓடினார். பின்னாலேயே மனைவி.

"முன்னால என்னாச்சுங்க?" என்று ஒவ்வொரு வண்டிக்காரரிடமும் கேட்டார். ஒருவர், "கார் ஒண்ணு போயிருச்சாம்" என்றார்.

"எங்க போயிருச்சு?"

"தெரியலீங்க, சொன்னாங்க."

அந்த இடத்தில் அவர் சாலையின் தடுப்புக் கல்லைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். "நான்தான். நான்தான் கொன்னுட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார் என்று மனைவி பிறகு என்னிடம் சொன்னார். "அவர் அழுது நான் பாத்ததே இல்லைங்க. அவங்க அம்மா செத்தப்பகூட பெட்டி எத்தனை அடின்னு அளந்துட்டு நின்னவரு."

வளைவு திரும்பியதும் பார்த்தார்கள். சாலைக்குக் குறுக்கே சாய்ந்து கிடந்தது ஒரு மரம். ஆட்கள் அதை அறுத்துக்கொண்டிருந்தார்கள். போய்விட்டது என்று சொல்லப்பட்ட கார், மரம் விழுவதற்கு முன்பே அந்த இடத்தைத் தாண்டி மேலே போய்விட்ட கார். அவ்வளவுதான் செய்தி. மனைவி சிரித்தாராம், என்ன செய்வதென்று தெரியாமல். இருவரும் திரும்பி ஓடி வேனை எடுத்து, வழி விட்டதும் கிளம்பினார்கள்.

எட்டாவது வளைவில் நின்றுகொண்டிருந்தது மாப்பிள்ளையின் கார்.

பாறை ஓரமாக, வலது பக்கம் ஒதுக்கி நிறுத்தியிருந்தார். மாப்பிள்ளையின் அப்பா தகரப் பெட்டி மேல் உட்கார்ந்து தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தார். மகள் மெத்தையைக் கட்டிப் பிடித்து நின்றாள். கருகிய ரப்பர் வாடை. மாப்பிள்ளை வலது பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்திருந்தார். ஆள் பாரமும் சாமான் பாரமும் சேர்ந்து வண்டியைத் தணித்ததில், ஒவ்வொரு வளைவிலும் மட்கார்டின் மடிப்பு வலது டயரைச் சீவியிருந்தது. புகை வந்ததும் பயந்து நிறுத்திவிட்டார். ஒரு மணி நேரமாகச் சாமானை இறக்கி வைத்து, பாரத்தைக் குறைத்து மெதுவாக ஏறலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

உருட்டியிருக்க வேண்டிய அந்த மடிப்பும், செய்யாமல் விட்ட மணல் மூட்டைச் சோதனையும்தான் அவர்களை நிறுத்தியிருந்தன. ஒழுங்காகச் செய்து அனுப்பியிருந்தால் வண்டி நிற்காமல் ஏறியிருக்கும்.

"மச்சான்!" மாப்பிள்ளை எழுந்தார். "நீங்க சொன்ன மாதிரியே ஆயிருச்சு. உருட்டணும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டீங்க. நான்தான் கேக்கல. இதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க?" அவர் கண் கலங்கியிருந்தது. "கூடப் பொறந்தவன்கூட வர மாட்டான் மச்சான்."

மில்லி மறுபக்கம் போனார். இடது பின் சக்கரத்தை இதுவரை யாரும் பார்த்திருக்கவில்லை. அஞ்சு போல்ட்டில் ஒன்று இல்லை. இரண்டு போல்ட் தலைகள் மூணு மில்லி வெளியே எழும்பி நின்றன. ஓட்டைகளைச் சுற்றி வெள்ளித்தூள் கொட்டினாற்போல அலுமினியம் அரைபட்டிருந்தது. இன்னும் எத்தனை வளைவு தாங்கியிருக்கும்? அவரே பிறகு என்னிடம் சொன்னார்: "ரெண்டு. மிஞ்சிப்போனா மூணு."

சட்டைப் பையில் நீளப் போல்ட்டுகள். எல்லோரும் வண்டியின் அந்தப் பக்கம். ஜாக்கி வைத்து மாற்றிவிட்டு, "எதுக்கும் ஒரு தடவை இறுக்கி விட்டேன்" என்று சொன்னால் போதும். கூடப் பிறந்தவனைவிட மேல் என்ற பெயரோடு வீட்டுக்குப் போகலாம். அந்த நினைப்பு வந்தது என்பதை அவர் என்னிடம் மறைக்கவில்லை.

ஜாக்கி வைத்தார். சக்கரத்தைக் கழற்றினார். முதல் நீளப் போல்ட்டை மரையில் வைத்துத் திருப்பினார். கடித்ததா, கோணலாகப் போகிறதா, ஒன்றும் தெரியவில்லை. வெளி மரைகள் நைந்திருக்கும் என்று தெரியும், எவ்வளவு என்று விரல்தான் சொல்ல வேண்டும். விரல் ஒரு கட்டையாக இருந்தது. போல்ட் கீழே விழுந்து உருண்டது. எடுத்தார். மறுபடி விழுந்தது.

மூன்றாவது முறை விழுந்ததை எடுத்துக் கொடுத்தது தங்கை. எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை.

"அண்ணே, கை ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு?"

"நீ சுத்து" என்றார் மில்லி. "விரலால மெதுவா சுத்து. எத்தனை சுத்து போகுதுன்னு சத்தமா எண்ணு."

தங்கை மண்டியிட்டு உட்கார்ந்து சுற்றினார். "ஒண்ணு... ரெண்டு... லூசா இருக்கு அண்ணே... மூணு... நாலு, இப்பப் பிடிக்குது... அஞ்சு..." முதல் நாலு ஓட்டையிலும் உள் மரை பிழைத்திருந்தது. ஐந்தாவது ஓட்டையில் போல்ட் சுற்றிக்கொண்டே இருந்தது. எதிலும் பிடிக்கவில்லை. மாப்பிள்ளை இதற்குள் வந்து பின்னால் நின்றிருந்தார்.

"என்ன மச்சான் இது? இந்தச் சக்கரத்துக்கு என்ன?"

மில்லி தரையைப் பார்த்தபடி சொன்னார். பழைய போல்ட்டைப் போட்டு அனுப்பியது, கையால் சுற்றிப் பார்க்காதது, எட்டு மாதமாக விரலில் உணர்ச்சி இல்லாதது, எல்லாவற்றையும். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. ரசீது படிப்பது போலச் சொன்னார் என்கிறார் மனைவி.

மாப்பிள்ளை குனிந்து அந்த ஐந்தாவது ஓட்டையைப் பார்த்தார். பிறகு, "என் அப்பா உள்ள உக்காந்திருந்தாரு" என்றார். "என் புள்ள உக்காந்திருந்தா."

"ஆமா மாப்பிள்ளை."

"கை சரியில்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வேற கடைக்குப் போயிருப்பேன்ல?"

"ஆமா."

"ஆமாவா? அடிக்கக்கூட முடியல உங்களை. பெரிய மனுஷனாப் போயிட்டீங்க."

இந்த வண்டி நகரக் கூடாது, நாலு போல்ட்டில் ஆள் ஏறக் கூடாது என்று மில்லி சொன்னார். தன் வேனில் எல்லோரையும் மேலே கொண்டுபோய் விடுவதாகச் சொல்லி ஓட்டுநர் சீட்டுக் கதவைத் திறந்தார். மாப்பிள்ளை வந்து கையை நீட்டினார்.

"சாவியைக் குடுங்க. நீங்க ஓட்ட வேணாம்."

கொடுத்துவிட்டார். சாமானை வேனில் ஏற்றும்போது யாரும் அவரை உதவிக்குக் கூப்பிடவில்லை. தங்கை கடைசியாக ஏறினார். ஏறும் முன் அண்ணனின் கையைப் பிடித்துத் தன் இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்துத் தேய்த்தார்.

"தெரியுதா?"

"இல்ல."

வேன் போய்விட்டது. மில்லியும் மனைவியும் இழுவை வண்டி வரும்வரை அந்த எட்டாவது வளைவில் உட்கார்ந்திருந்தார்கள். மனைவி ஒரே ஒரு தடவை பேசினாராம். "நானும்தானே வாயைத் திறக்காம இருந்தேன். பொத்தானைப் போட்டுவிட்டுட்டு அனுப்பிட்டே இருந்தேன்."

மகள் மூன்றரைக்கு ஹாஸ்டலில் சேர்ந்தாள். புது ஹப் போட்டு, ஸ்பேசரைக் கழற்றி, கம்பெனிச் சக்கரம் தேடி மாட்டி, நாலு நாளில் கார் தயாராயிற்று. வேலையை வேறொரு மெக்கானிக் செய்தார். மில்லி ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வந்து ஒவ்வொரு போல்ட்டையும் தானே ஸ்பேனர் வைத்துப் பார்த்தார். "வரேன்" என்று சொல்லாமல் எடுத்துக்கொண்டு போனார். தங்கை வாரம் ஒரு முறை போன் பண்ணுகிறார். மாப்பிள்ளை பேச்சே வருவதில்லை.

டாக்டர், நரம்பும் ரத்தக்குழாயும் கெட்டுவிட்டன, இனி திரும்பாது, கன்னை மட்டும் தொடாமலிருந்தால் இன்னும் மோசமாகாமல் நிற்கும் என்றார். மில்லிக்கு அப்போது வேறு கவலை வந்திருந்தது. ஒருநாள் காலை வாடிக்கையாளர் நோட்டோடு என் கடைக்கு வந்தார்.

"எட்டு மாசத்துல ஸ்பேசர் போட்ட வண்டி இருபத்திமூணு. ஒண்ணுலயும் நான் கையால எண்ணல."

"அதுல எல்லாம் தப்பு நடந்திருக்கும்னு என்ன நிச்சயம்?"

"நடக்கலைன்னு என்ன நிச்சயம்?"

நம்பர்களை நான் அழுத்தினேன், அவர் பேசினார். ஒவ்வொருவரிடமும் ஒரே வாக்கியம்: "நான் போட்டதுல எனக்கே சந்தேகம். வண்டியை மெதுவா ஓட்டிக்கிட்டு வந்து காட்டுங்க." சிலர் சிரித்தார்கள். "என்ன மில்லி, வியாபாரம் டல்லா?" என்றார் ஒருவர். ஒருவர் கேட்கக் கூசுகிற வார்த்தையெல்லாம் சொல்லி வைத்தார். பாதிப் பேர் வேறு கடையில் காட்டிக்கொண்டார்கள், அந்தக் கடைகள் வழியாக விஷயம் ஊரெல்லாம் பரவிற்று. ஒரு வண்டியில் இரண்டு போல்ட் கோணலாக ஏறியிருந்தது. மற்றொன்றில் ஹப்பின் துருவைச் சுரண்டாமல் தட்டு வைத்திருந்ததில் தட்டே ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த அன்று அவர் சாப்பிடவில்லை.

இருபத்திரண்டு வண்டி கணக்குக்கு வந்துவிட்டது. மீதி ஒன்று சாம்பல் நிறக் கார். நாலு சக்கரத்துக்கும் ஸ்பேசர் போட்டு, அன்றே வெளியூர் போவதாகச் சொன்ன ஒரு கணவன் மனைவி. அந்தப் பெண் கர்ப்பமாக இருந்தார் என்பது மில்லிக்கு நினைவிருக்கிறது. வண்டி நம்பரை எழுதிக்கொள்ளவில்லை. போன் நம்பர் உபயோகத்தில் இல்லை என்கிறது ஒரு பெண் குரல். ஒரு எண்ணைத் தப்பாக எழுதியிருப்போமோ என்று கடைசி எண்ணை மாற்றி மாற்றிப் பத்து விதமாக அழுத்திப் பார்த்தோம். யார் யாரோ எடுத்தார்கள். அவர்கள் இல்லை.

கடையின் முன்பாதியில் இப்போது அவர் மனைவியின் தையல் மிஷின் இருக்கிறது. மில்லி உறைத் துணியை அளந்து சாக்பீஸில் கோடு போட்டுக் கொடுக்கிறார். நல்ல அளவு, ஒரு நூல் பிசகாது. தெருவில் சாம்பல் நிறத்தில் எந்த வண்டி வந்தாலும் டேப்பைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வருவார். குனிந்து பின் சக்கரத்தைப் பார்ப்பார். நேற்றுகூட ஒரு வண்டிக்குப் பின்னால் தெருமுனை வரை ஓடினார். ஓட்டியவர் கண்ணாடியை இறக்கி, "என்ன வேணும்?" என்று கேட்டார். நாலு சக்கரமும் கம்பெனிச் சக்கரம்.

"ஒண்ணுமில்லைங்க" என்று சொல்லிவிட்டு, மூச்சு வாங்க, நடைபாதையில் உட்கார்ந்துகொண்டார். நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன்.